உங்களுக்குத் தெரியுமா? வைரம்: நம்பியதும் உள்ளதும்

◆ நிலக்கரிக்குப் பிறந்த பிள்ளை இல்லை. நிலக்கரி மண்ணுக்குள் அழுந்தி அழுந்தி வைரமாகிறது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்போம். வயதைப் பார்த்தாலே இது பொருந்தாது. நிலக்கரி, மண்ணில் புதைந்த மரம் செடிகளிலிருந்து வந்தது. தரையில் செடிகள் பரவத் தொடங்கியே ஐம்பது கோடி ஆண்டுகள் ஆகவில்லை. வைரங்களில் பெரும்பாலானவற்றின் வயதோ 100 கோடியிலிருந்து 350 கோடி ஆண்டுகள். உலகத்தில் ஒரு மரம்கூட இல்லாத காலத்தில் உருவான கல் அது. இரண்டும் கார்பன் என்பது மட்டுமே உறவு.

◆ வேகமாக வந்ததால் பிழைத்தது. வைரம் பெரும்பாலும் உருவாவது தரைக்குக் கீழே 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில். அங்கிருந்து மேலே கொண்டுவந்தவை மிகப் பழைய எரிமலைகள். அவை கக்கிய கிம்பர்லைட் என்ற பாறைக்குழம்பு மிக வேகமாகப் பீறிட்டு ஏறியது. மெதுவாக ஏறியிருந்தால் வழியிலேயே அழுத்தம் குறைந்து, சூடு மட்டும் மிஞ்சி, வைரமெல்லாம் பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டாக மாறியிருக்கும். அப்படிப்பட்ட எரிமலை வெடித்ததை மனிதர் யாரும் பார்த்ததாகப் பதிவில்லை.

◆ ஒளி வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். வைரத்துக்குள் நுழைந்தால் அது சுமார் 1.24 லட்சமாகக் குறைந்துவிடும். இந்தத் தடுமாற்றத்தில்தான் ஒளி வளைந்து, உள்ளேயே பட்டுத் தெறித்து, நிறம் நிறமாகப் பிரிந்து வெளியே வருகிறது.

◆ ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தரச் சான்றிதழ். இன்று வைரம் வாங்கினால் கையில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். எத்தனை கேரட், என்ன வடிவம், உள்ளே என்ன குறை என்று அதில் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ராஜராஜ சோழன் இறைவனுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியலில், ஒவ்வொரு நகையிலும் எத்தனை வயிரம், அவற்றில் தட்டையானவை எவை, சதுரமானவை எவை, முனை மழுங்கியவை எவை என்று எழுதியிருக்கிறது. அத்தோடு நிற்கவில்லை. புள்ளி விழுந்தவை, விரிசல் உள்ளவை, சிவப்புப் பொட்டு, கறுப்புப் பொட்டு, வெந்தாற்போன்ற தழும்பு என்று குறைகளையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றிக் கணக்கில் இருக்கிறது. பொன் நிறுக்க ஆடவல்லான் என்றொரு எடைக்கல், மணிகள் நிறுக்க தக்ஷிணமேருவிடங்கன் என்று தனியாக ஒரு எடைக்கல். நிறுத்தபோது அரக்கும் சேர்ந்திருந்ததா என்பதுவரை பதிவு. கொடுத்தவன் பேரரசன், வாங்கியவர் இறைவன். அப்படியும் கல்லின் குறையை மறைக்கக் கூடாது என்று நினைத்த கணக்கர்களை எண்ணினால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

◆ காக்கையின் கால். அதற்கும் முன்னால், சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டும்போது, வயிரத்தில் இருக்கக் கூடாத நான்கு குற்றங்களைச் சொல்கிறது: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. கோடுகள் காக்கையின் கால்போலக் கிளைத்து நிற்பது காகபாதம். விந்து என்பது புள்ளி. ஏகை என்பது கீற்று. இன்றைய ஆய்வுக்கூடத்தில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்ப்பதும் இவற்றைத்தான். ஒன்றுமே தெரியாவிட்டால் ‘ஃப்ளாலெஸ்’. தேர்ந்த கண்ணுக்கே கஷ்டப்பட்டுத் தெரிந்தால் ‘வி.வி.எஸ்.’ அதற்கடுத்து ‘வி.எஸ்.’, ‘எஸ்.ஐ.’ என்று இறங்கும். ‘வி.எஸ்.’ தரத்துக் கல்லில் இருக்கும் குறை வெறும் கண்ணுக்குத் தெரியாது. மூக்குத்திக்கும் தோட்டுக்கும் அதற்குமேல் பணம் கொட்ட வேண்டிய அவசியமில்லை என்பது என் கருத்து.

◆ வைரத்தின் நிறத்தை அளக்கும் வரிசை ஆங்கில எழுத்து ‘டி’-யில் தொடங்கி ‘இசட்’ வரை போகிறது. முதல் மூன்று எழுத்துகள் எங்கே? ஏ, பி, சி என்ற எழுத்துகளைக் கடைக்காரர்கள் அவரவர் இஷ்டத்துக்கு ஏற்கெனவே பயன்படுத்திவந்தார்கள். அந்தக் குழப்பத்தில் மாட்டாமல் புதிதாகத் தொடங்க விரும்பிய அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ., ‘டி’-யிலிருந்து ஆரம்பித்தது. ‘டி’ என்றால் துளியும் மஞ்சள் இல்லாத கல்.

◆ சுத்தியலால் அடித்துச் சோதிக்காதீர்கள். அசல் வைரமானால் உடையாது என்று நம்பி உடைத்தவர்கள் உலகெங்கும் உண்டு. கடினம் வேறு, அடி தாங்கும் திறன் வேறு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10. அதாவது இயற்கையில் கிடைக்கும் வேறெந்தக் கனிமமும் அதன்மேல் கீறல் போட முடியாது. ஆனால் அதன் அணு அடுக்கில் நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு. அந்தத் திசை பார்த்து ஓர் அடி விழுந்தால் இரண்டாகப் பிளந்துவிடும். கம்மல் திருகைக் கழற்றும்போது சிமென்ட் தரையில் விழுந்து ஓரம் சிதைந்த கற்களை நகைக்கடைக்காரர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

◆ வைரத்தை வைரத்தால் அறுப்பது எப்படி? இரண்டும் ஒரே கடினம்தானே, ஒன்றை ஒன்று எப்படித் தேய்க்கும்? விடை திசையில் இருக்கிறது. வைரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு கடினமாக இல்லை. பட்டை தீட்டுபவர் கல்லைத் திருப்பித் திருப்பி, தேய்ந்துகொடுக்கும் திசையைக் கண்டுபிடித்து, சுழலும் இரும்புத் தட்டின்மேல் வைக்கிறார். தட்டில் வைரப்பொடியும் எண்ணெயும் பூசியிருக்கும். பொடியின் துணுக்குகள் கோணல்மாணலாகக் கிடப்பதால், சில துணுக்குகளாவது தம் மிகக் கடினமான முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அவைதான் கல்லைத் தேய்க்கின்றன. இந்தத் திசையைக் கண்டுபிடிப்பதில்தான் தொழிலாளியின் கைத்திறன் இருக்கிறது. எத்தனை இயந்திரம் வந்தாலும் அந்தக் கைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

◆ உலகில் தீட்டப்படும் வைரங்களில், எண்ணிக்கைப்படி பத்தில் ஒன்பது குஜராத்தின் சூரத் வட்டாரத்தில் பட்டை தீட்டப்பட்டவை என்பார்கள். நியூயார்க்கில் ஒருவர் வாங்கும் மோதிரக் கல்லும் பெரும்பாலும் அங்குள்ள ஒரு தொழிலாளியின் விரலிடுக்கில் இருந்து போனதுதான். 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட சூரத் வைரச் சந்தையின் கட்டடம், பரப்பளவில் அமெரிக்கப் படைத்துறைத் தலைமையகமான பென்டகனைவிடப் பெரியது.

◆ எரிந்துபோகும் கல். 1772-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் பெரிய லென்ஸ் ஒன்றால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்தார். கல் காணாமல் போனது. கரி எரிந்தால் வரும் அதே வாயு மிஞ்சியது. 1797-இல் இங்கிலாந்தின் ஸ்மித்சன் டெனன்ட் ஒரே எடையுள்ள வைரத்தையும் கரியையும் தனித்தனியே எரித்து, இரண்டிலிருந்தும் ஒரே அளவு வாயு வந்ததைக் காட்டினார். வைரம் சுத்தமான கார்பன் என்பது அதோடு உறுதியானது. ஆக்சிஜன் நிறைய இருந்தால் 700 டிகிரி செல்சியஸை ஒட்டி வைரம் எரியத் தொடங்கும். நகைப் பட்டறையில் ஊதுகுழல் தீ அளவுக்கு மிஞ்சிப் பட்டால் கல்லின் மேல் வெண்மையாகப் புகை படிந்தாற்போல ஆகிவிடும். அதனால்தான் பற்றவைக்குமுன் கல்லின்மேல் போரிக் அமிலம் பூசுகிறார்கள். மேற்பரப்பு மட்டும் வெந்திருந்தால் மறுபடி தீட்டி மீட்டுவிடலாம், எடை கொஞ்சம் குறையும்.

◆ பனிக்கட்டியை அறுக்கும் விரல் சூடு. செயற்கை முறையில் தயாரித்த மெல்லிய வைரத் தகட்டை விரலால் பிடித்துப் பனிக்கட்டியின்மேல் வைத்தால், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கும். தகடு கூர்மையாக இருப்பதால் அல்ல. நம் விரலின் சூட்டை அது அப்படியே பனிக்கட்டிக்குக் கடத்திவிடுகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் வைரம் செம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு மேல். ஆனால் மின்சாரத்தைக் கடத்தாது. இந்த இரண்டு குணமும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பது அபூர்வம். சக்திவாய்ந்த லேசர்களிலும் மின்னணுக் கருவிகளிலும் சூட்டை உறிஞ்சிவிட வைரத் தகடு வைப்பது இதற்காகவே. கடையில் பேனா போன்ற கருவியின் முனையைக் கல்லில் வைத்துப் பார்க்கிறார்களே, அதுவும் வெப்பம் எவ்வளவு விரைவாகப் பாய்கிறது என்பதைத்தான் அளக்கிறது.

◆ பவழம் கொடுத்து வைரம் வாங்கிய ஊர். சென்னை மண்ணடிப் பக்கம் பவழக்காரத் தெரு வழியாக எத்தனையோ பேர் நடந்திருப்போம். பதினேழாம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து வந்த யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவழத்தையும் வெள்ளியையும் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். பதிலுக்கு அவர்கள் வாங்கிப் போனது கோல்கொண்டா வைரம். 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் உறுப்பினர் பட்டியலிலேயே யூத வணிகர்கள் இருந்தார்கள் என்றால் அந்த வணிகம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்! 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகத்துக்கு வைரம் கொடுத்த முதன்மையான நாடு இந்தியாதான். கிருஷ்ணா நதிக் கரையின் கொல்லூர் போன்ற சுரங்கங்களிலிருந்து கல் சென்னைக்கு வந்து கப்பல் ஏறியது.

கோட்டையில் இருந்த கவர்னர்களும் கை வைக்காமல் இல்லை. 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்த தாமஸ் பிட், ஜாம்சந்த் என்ற வணிகரிடம் 410 கேரட் எடையுள்ள தீட்டாத கல் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். கல்லை மகன் கையில் கொடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். தீட்டி முடித்தபோது மிஞ்சியது 140.64 கேரட். 1717-இல் பிரான்ஸின் அரசப் பிரதிநிதியாக இருந்த ஆர்லியான்ஸ் கோமகன் அதை 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். ‘ரீஜண்ட்’ என்ற பெயரில் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த கல் அதுதான். அந்தப் பணத்தில் எழுந்த குடும்பத்திலிருந்துதான் பின்னால் இரண்டு பிரிட்டிஷ் பிரதமர்கள் வந்தார்கள். சுரங்கத்தில் அதைத் தோண்டி எடுத்தவர் யார் என்பதற்கு மட்டும் பெயரில்லை.

◆ கோகினூர் ஏன் இளைத்தது? லண்டனுக்குப் போனபோது அதன் எடை 186 கேரட். 1852-இல் மறுபடி தீட்டியபோது 105.6 கேரட்டாகக் குறைந்துவிட்டது. நம் நாட்டுக் கலைஞர்கள் கல்லின் எடையைக் காப்பாற்றுவதைப் பெரிதாக நினைத்தார்கள். இருக்கும் உருவத்தைக் கெடுக்காமல் தீட்டினார்கள். மேற்கே ஒளித் தெறிப்புதான் முக்கியம் என்று எடையைப் பலிகொடுத்தார்கள். அந்த ஒளிக்கணக்கை 1919-இல் புத்தகமாக எழுதியவர் மார்செல் டோல்கோவ்ஸ்கி. மேல்பக்கச் சரிவு 34.5 டிகிரி, கீழ்ப்பக்கச் சரிவு 40.75 டிகிரி இருந்தால் மேலிருந்து நுழைந்த ஒளி கீழே ஒழுகிவிடாமல் மேலேயே திரும்பும் என்று காட்டினார். 57 பட்டை கொண்ட இன்றைய வட்டக் கல்லுக்கு அதுவே அடிப்படை. நிறமும் தெளிவும் எவ்வளவு உயர்ந்தாலும் பட்டை கோணலானால் கல் இருண்டுதான் கிடக்கும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பட்டையை.

◆ வைரப்பொடி விஷமா? பழைய படங்களிலும் கதைகளிலும் வைரம் நஞ்சாக வரும். வேதியியல்படி வைரம் எதனோடும் எளிதில் வினைபுரியாத கார்பன். அது நஞ்சே அல்ல. இந்த நம்பிக்கை ஐரோப்பாவிலும் ஊறியிருந்தது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பி பென்வெனூட்டோ செல்லினி, தன்னைக் கொல்லச் சிறைச் சாப்பாட்டில் வைரப்பொடி கலக்க ஏற்பாடு நடந்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பொடியாக்கக் கொடுத்த வைரத்தைக் கல் தீட்டுபவர் தானே வைத்துக்கொண்டு மலிவான வேறு கல்லை அரைத்துக் கொடுத்ததால்தான் உயிர் பிழைத்தேன் என்று அவர் கடைசிவரை நம்பினார். அசல் வைரத்தையே அரைத்திருந்தாலும் அது நஞ்சாகியிருக்காது.

◆ ‘ப்ளூ ஜாகர்’ எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டில் வைரத்தோடு வாங்கும் குடும்பங்களில் இந்தப் பெயர் புழங்காத வீடு குறைவு. பாட்டியின் எட்டுக்கல் பேசரியைக் காட்டி “இது அசல் ப்ளூ ஜாகர்” என்று சொல்வதில் ஒரு பெருமிதம் இருக்கும். ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்ற சுரங்கம். 1870-இல் அங்கே வைரம் கிடைத்தது. அந்தச் சுரங்கத்தின் உயர்ந்த கற்களில் நீலம் ஓடினாற்போன்ற ஒரு வெண்மை இருந்தது. சுரங்கம் 1971-இல் மூடப்பட்டுவிட்டது. பிறகு அங்கே குவிந்திருந்த பழைய மண்ணைச் சலித்துக் கொஞ்சம் கல் எடுத்தார்கள். அந்தக் கழிவுச் சேற்றுக்குக் கட்டியிருந்த அணை 2022 செப்டம்பரில் உடைந்து ஊருக்குள் பாய்ந்து உயிர்ப்பலி வாங்கியது. ஆகவே இன்று கடையில் ‘ப்ளூ ஜாகர்’ என்று சொன்னால், அந்தச் சுரங்கத்துக் கல் என்று பொருள் கொள்ள வேண்டாம். அந்தச் சாயல் கொண்ட கல் என்றுதான் சொல்கிறார்கள். பல கற்களில் நீலம் தெரிவதற்குக் காரணம் புறஊதா ஒளி பட்டால் மிளிரும் குணம். நூற்றுக்கு 25 முதல் 35 வைரங்களில் இது உண்டு. இலேசாக இருந்தால் அழகு. மிகுந்துபோனால் சில கற்கள் வெயிலில் பால் கலந்தாற்போல மங்கித் தெரியும். பகல் வெளிச்சத்தில், வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்து வாங்குங்கள்.

◆ நிறம் கல்லின் குறையிலிருந்து பிறக்கிறது. நைட்ரஜன் கலந்தால் மஞ்சள், போரான் கலந்தால் நீலம், இயற்கைக் கதிர்வீச்சு பட்டால் பச்சை. இளஞ்சிவப்புக்கு எந்தக் கலப்பும் காரணமில்லை. அணு அடுக்கு நசுங்கித் திரும்பியதால் வந்த நிறம் அது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 45.52 கேரட் ‘ஹோப்’ நீலக்கல்லும் இந்தியாவிலிருந்து போனதே. அதன்மேல் புறஊதா ஒளியைக் காட்டி அணைத்தால், இருட்டில் சிறிது நேரம் தணல்போலச் சிவந்து ஒளிரும்.

◆ ஐதராபாத்தின் கடைசி நிஜாம் உஸ்மான் அலி கான், 184.75 கேரட் ஜேக்கப் வைரத்தைத் தன் தந்தையின் காலணி முனைக்குள்ளிருந்து கண்டெடுத்தார். பிறகு மேசையில் தாள் பறக்காமல் இருக்க அதை வைத்துக்கொண்டார். 1995-இல் நிஜாமின் நகைகளோடு சேர்த்து இந்திய அரசு அதை வாங்கியது.

◆ உலகில் கிடைத்த மிகப் பெரிய ரத்தின வைரம் ‘கல்லினன்’. 1905 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் பிரீமியர் சுரங்கத்தில் எடுத்தார்கள். 3,106 கேரட், அரைக் கிலோவுக்கும் மேல். லண்டனுக்கு ஒரு கப்பலில் பலத்த காவலோடு போலிக் கல் போனது. அசல் கல் சாதாரணத் தபால் பார்சலில் போய்ச் சேர்ந்தது. அதற்கு அடுத்த பெரிய கல், 2,492 கேரட், 2024-இல் போட்ஸ்வானாவின் கரோவே சுரங்கத்தில் கிடைத்தது.

◆ திருச்சிக்காரரின் வைரக் காதல். சர் சி.வி. ராமன் என்றதும் கடலின் நீலமும் நோபல் பரிசும் நினைவுக்கு வரும். திருச்சியில் பிறந்த அவர் வாழ்க்கையின் பின்பாதியை வைரத்தோடு கழித்தார் என்பது பலருக்குத் தெரியாது. பெங்களூருவில் சில நூறு வைரங்களை ஆராய்ச்சிக்கென்றே சேர்த்து, அவை எப்படி மிளிர்கின்றன, எப்படி அதிர்கின்றன, ஏன் ஒன்றைப்போல் ஒன்றில்லை என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார். படிகங்களின் அதிர்வு குறித்து மேக்ஸ் பார்ன் போன்ற பெரியவர்களோடு நீண்ட வாதமே நடத்தினார். அந்த வாதத்தில் அறிவியல் உலகம் பார்னின் பக்கமே நின்றது. ஆனால் ராமன் விளைவு வைரத்தை விட்டுப் போகவில்லை. வைரத்தின்மேல் ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியின் நிறமாலையில் 1332 என்ற எண்ணில் ஒற்றைக் கூர்மையான கோடு விழும். 1930-லேயே அதைப் பதிவு செய்தவர்களில் இந்திய ஆய்வாளர் சி. ராமசாமியும் ஒருவர். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கல் வைரமா வேறொன்றா என்று தீர்ப்புச் சொல்லும் கோடு அது. ராமன் திரட்டிய கற்கள் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

◆ போலியை எப்படி அறிவது? ‘அமெரிக்கன் டயமண்ட்’ என்று விற்பது கியூபிக் சிர்கோனியா. திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில். இதை வைரம் என்று ஏமாற்றி விற்றால்தான் தவறு. சொல்லி விற்றால் கௌரவமான அலங்காரக் கல். ஒரே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமாக இருக்கும். வாயால் ஊதினால் வைரத்தின்மேல் படிந்த ஆவி ஓரிரு நொடியில் மறையும், இதில் சற்று நிற்கும். மொய்சனைட் என்ற கல்தான் சிக்கலானது. சிலிகன் கார்பைடால் ஆன அது வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் பேனாக் கருவியையே ஏமாற்றிவிடும். லென்ஸ் வழியே சாய்த்துப் பார்த்தால் அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்பு இரட்டை இரட்டையாகத் தெரியும். வைரத்தில் ஒருபோதும் அப்படித் தெரியாது.

◆ ஆய்வுக்கூட வைரம் அசல் வைரம். இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடினம், ஒளி, வெப்பம், அணு அடுக்கு எல்லாமே ஒன்று. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டிரேசி ஹால் கடும் அழுத்தத்திலும் சூட்டிலும் வைரம் செய்து காட்டினார். இன்னொரு முறையில், மீத்தேன் வாயுவையும் ஹைட்ரஜனையும் சூடாக்கி, சிறு வைரத் தகட்டின்மேல் கார்பனை அணு அணுவாகப் படியவிடுகிறார்கள். சில வாரங்களில் ஒரு கல் வளர்ந்துவிடுகிறது. பேனாக் கருவியால் இதைப் பிரித்தறிய முடியாது. வளர்ந்த விதத்தின் தடத்தைப் பார்க்கும் பெரிய கருவிகள் வேண்டும். 2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தபடி, இந்த வைரங்களை வளர்க்கும் இயந்திரங்களையும் முறைகளையும் உள்நாட்டிலேயே உருவாக்க, சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 243 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்.

விலை, சுரங்க வைரத்தில் சிறு பங்குதான். ஆனால் உற்பத்தி பெருகப் பெருக விலை இறங்கிக்கொண்டே வருகிறது. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து, அவசரத்துக்கு விற்கலாம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமே. அணிந்து மகிழ வாங்கினால் குறையொன்றுமில்லை. எது எந்த வகை என்பதை ரசீதில் எழுதிக் கேட்பது உங்கள் உரிமை.

◆ சென்ட் கணக்கு. ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். ஏழுகல் தோடு ஒரு ஜோடியில் மொத்தம் இரண்டு கேரட் என்றால், ஒவ்வொரு கல்லும் ஏறக்குறைய 14 சென்ட். ஒற்றைக்கல் இரண்டு கேரட்டின் விலையை இதோடு ஒப்பிடவே முடியாது. கல் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு கேரட்டின் விலையும் ஏறும். அதிலும் முழு எண்ணைத் தொடும் இடத்தில் துள்ளிக் குதிக்கும். 95 சென்ட் கல்லுக்கும் 100 சென்ட் கல்லுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பில்லில் தெரியும். எண்ணுக்கு ஆசைப்படாதவருக்கு இங்கே நல்ல லாபம்.

◆ ஏ.சி. குழாய்க்குச் சுவரில் ஓட்டை. சுவரில் வட்டமாகத் துளை போடும் கோர் கட்டிங் இயந்திரத்தின் வாயில் இருப்பது வைரத் துணுக்குகள். டைல்ஸ் வெட்டும் வட்டத் தகட்டின் விளிம்பிலும் அதுதான். கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகளில் பாறையை அறுக்கும் கம்பியில் வைரம் பதித்த மணிகள் கோத்திருக்கும். ஆனால் திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் போர்வெல் பிட்டில் வைரம் இருக்கிறது என்று நினைத்தால் தவறு. அங்கே டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள். ரிக், பாறையை இடித்து இடித்து இறங்குகிறது. இடி தாங்க வைரத்தால் முடியாது. தேய்க்கும் வேலைக்குத்தான் அது ராஜா.

◆ இரும்பிடமும் வைரம் தோற்கும். எஃகை வேகமாகக் கடையும்போது எழும் சூட்டில், வைரத்தின் கார்பன் இரும்புக்குள் கரைந்துபோகத் தொடங்கும். ஆகவே கெட்டி எஃகைக் கடையும் பட்டறைகள் போரான் நைட்ரைடு முனைக்குப் போய்விடுகின்றன.

◆ 1978-இல் வெள்ளிக் கோளுக்குள் இறங்கிய நாசாவின் ஆய்வுக்கலத்தில் ஒரு கருவிக்கு ஜன்னலாக 13.5 கேரட் இயற்கை வைரம் பொருத்தினார்கள். ஈயத்தை உருக்கும் சூட்டையும் பூமியைப்போல் 90 மடங்கு காற்றழுத்தத்தையும் தாங்கி, அகச்சிவப்பு ஒளியையும் உள்ளே விடக்கூடிய பொருள் வேறு கிடைக்கவில்லை. சோதிடத்தில் சுக்கிரனுக்குரிய கல் வைரம் என்பார்கள். அந்தச் சுக்கிரனுக்கே ஒரு வைரம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

◆ குறைதான் புதையல். நகைக்கடை ஒதுக்கும் அழுக்குக் கல்லை நிலவியலாளர்கள் கொண்டாடுகிறார்கள். வைரத்துக்குள் சிக்கிய கனிமத் துணுக்கு, பல நூறு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து கலப்படமில்லாமல் கிடைக்கும் மாதிரி. பிரேசிலின் ஜூயினாவில் கிடைத்த பழுப்பு நிறக் கல் ஒன்றுக்குள் ரிங்வுடைட் என்ற கனிமம் இருந்ததை 2014-இல் கிரகாம் பியர்சன் குழு அறிவித்தது. அந்தக் கனிமத்தின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் மேல் நீர். 400 கிலோமீட்டருக்கும் கீழே, பாறைக்குள் பிணைந்த நிலையில் தண்ணீர் இருக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று அந்த அழுக்குக் கல்தான்.

◆ எண்ணெய்க் குளியலும் வைரத்தோடும். வைரத்தின்மேல் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். கிம்பர்லி சுரங்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் குணத்தை வைத்தே கல்லைப் பிரித்தார்கள். கொழுப்புப் பூசிய சரிவான மேசையில் நொறுக்கிய பாறையையும் தண்ணீரையும் ஓடவிட்டால் மற்றவை வழிந்தோடும், வைரம் மட்டும் ஒட்டி நிற்கும். வீட்டில் தோடும் மூக்குத்தியும் மங்குவதற்கும் இதுவே காரணம். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், மஞ்சள், கிரீம் எல்லாம் கல்லின் அடிப்பக்கத்தில் போய்ப் படிந்து ஒளியைத் தின்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு ஷாம்பு அல்லது பூந்திக்கொட்டைச் சாறு விட்டு, கால் மணி நேரம் ஊறவைத்து, குழந்தைகள் பல் தேய்க்கும் மென்மையான பிரஷ்ஷால் அடிப்பக்கம் தேயுங்கள். கழுவும்போது கீழே ஒரு கிண்ணம் இருக்கட்டும், தொட்டியின் ஓட்டையை அடைத்துவிடுங்கள். அடைப்பாகக் கட்டிய பழைய தோடுகளை மட்டும் ஊறவைக்காதீர்கள். உள்ளே நீர் புகுந்தால் கல் கறுத்துத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை கடையில் கொடுத்து, கல்லைப் பிடித்திருக்கும் நகங்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.